தண்ணி எங்கே போகும், சார்?

பனிச்சறுக்குக்கும் நேமத்தான்பட்டிக்கும் என்ன சம்பந்தம்?

சத்தியமாக ஒன்றுமில்லை. காரைக்குடிப் பக்கத்து நேமத்தான்பட்டியில் பனிக்கட்டி என்பது ஐஸ் வண்டிக்காரரின் பெட்டிக்குள் மட்டும் இருக்கிற சமாசாரம். மார்கழிக் காலையில் பெரியவர்கள் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு, "ஸ்ஸ்... என்னா பனி!" என்பார்களே, அதோடு சரி. சறுக்குவதற்கு வேண்டுமானால் பாசி பிடித்த ஊரணிப் படிக்கட்டு உண்டு. டிக்கெட் கிடையாது. எலும்பு டாக்டர் செலவு தனி.

இருந்தாலும் இரண்டையும் ஒரே கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கப் போகிறேன். காரணம், ஒரே ஒரு கேள்வி. இமயமலையில் பனிச்சறுக்கு விடுதி கட்டுகிற கோடீஸ்வரரும் கேட்க வேண்டிய கேள்வி. வீட்டுக் கடனுக்கு சம்பள சர்டிபிகேட்டோடு பாங்க் வாசலில் நிற்கிற நீங்களும் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் செட்டிநாட்டுக்காரர்கள் அதை நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டு, பதிலையும் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் படித்தது பி.காம். சிமெண்டையும் ஜல்லியையும் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்று சிவில் என்ஜினீயர்கள் கேட்கலாம். வரவு செலவு பார்க்கத் தெரியும், சார். ஒரு கட்டிடத்தின் நிஜமான செலவு கிரகப்பிரவேசத்தன்று தெரியாது. முப்பது வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறேன்.

ஔவையாருக்கு அப்புறம் ஔலி

பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எல்.டி.ஸி.யில் குடும்பத்தோடு ஔலி போய் வந்தார். (ஔவையார், ஔடதம் தவிர 'ஔ'வில் ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.)

உத்தராகண்டில் பத்ரிநாத் போகிற வழியில் ஜோஷிமட் என்று ஒரு மலையூர். அதற்கும் மேலே, 2,500 மீட்டரிலிருந்து 3,000 மீட்டர் உயரம் வரை சரிந்து கிடக்கிற புல்வெளிதான் ஔலி. பனி மூடினால் பனிச்சறுக்கு மைதானம். காஷ்மீரின் குல்மார்க்கைப் போலவே நம் நாட்டில் இந்த விளையாட்டுக்குப் பேர் போன இடம். 2011 ஜனவரியில் தெற்காசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியின் சறுக்குப் பந்தயங்கள் இங்கேதான் நடந்தன.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றேன்.

"குளிர் இருந்துச்சு. பனிதான் இல்லை" என்றார். "ஸ்கீ கட்டையை வாடகைக்கு எடுத்துத் தோள்ல சாத்தி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். வீட்ல பார்த்துட்டு, 'கரும்பு வெட்டப் போனீங்களா?'ன்னு கேட்கறாங்க!"

அவர் ஜாதகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 2023 பிப்ரவரியில் ஔலியில் நடக்கவிருந்த சர்வதேசப் பந்தயமே பனி போதாமல் ரத்தானது. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த 'கேலோ இந்தியா' குளிர்காலப் போட்டிகளும் பனி இல்லாமல் தள்ளிப்போயின.

"மெஷின் வச்சு பனி பண்ண முடியாதா?" என்பீர்கள். முடியும். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் சறுக்கியது கிட்டத்தட்ட முழுக்க முழுக்க மெஷின் பனியில்தான். ஔலியிலும் இதற்காகவே செயற்கையாக ஒரு ஏரி வெட்டி, மெஷின்கள் வைத்தார்கள். தண்ணீரை நுண்ணிய துளியாகப் பீய்ச்சி, காற்றின் குளிரிலேயே உறைய வைப்பதுதான் வித்தை. ஆக, மெஷினுக்கும் முதலில் குளிர் வேண்டும், அப்புறம் ஏராளமாகத் தண்ணீர் வேண்டும். காற்று சூடாகிவிட்டால் அந்த மெஷின் செய்வது, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற வேலைதான்!

சரிந்த மண் மேல் சாய்ந்த ஹோட்டல்

பனி வராததாவது இயற்கையின் கோபம். ஔலிக்குக் கீழே ஜோஷிமட்டில் நடந்தது முழுக்க மனுஷன் கைங்கரியம்.

அந்த ஊர் நிற்பது கெட்டிப் பாறை மேல் இல்லை. எந்தக் காலத்திலோ மேலிருந்து சரிந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த மேட்டின் மேல். 1976-லேயே மிஸ்ரா கமிட்டி என்று ஒரு கமிட்டி இதைச் சொல்லிவிட்டது. கனமான கட்டிடம் வேண்டாம், வெடி வைத்துப் பாறையை உடைக்காதீர்கள், மழைத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் மண்ணுக்குள் இறங்காதபடி ஒழுங்காக வடிகால் கட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னது. நம் நாட்டில் கமிட்டி ரிப்போர்ட்டுகளுக்குக் கிடைக்கிற மரியாதை இதற்கும் குறைவில்லாமல் கிடைத்தது. டூரிஸ்டுகள் வந்தார்கள், ஹோட்டல்கள் மாடி மேல் மாடியாக எழும்பின, எல்லா பாத்ரூம் தண்ணீரும் மலைக்குள்ளேயே இறங்கியது.

2023 ஜனவரியில் மலை கணக்கை முடித்தது. எண்ணூறுக்கும் அதிகமான கட்டிடங்களில் விரிசல். ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடிக்க வேண்டியதாயிற்று. ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குப் போகும், சுமார் 4 கிலோமீட்டர் நீள ரோப் காரையும் அந்த மாசமே நிறுத்தினார்கள். பக்கத்தில் நடந்த மின் திட்டச் சுரங்க வேலைதான் காரணம் என்றார்கள் ஊர்க்காரர்கள், கம்பெனி மறுத்தது. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் யோசியுங்கள். கடன் வாங்கிக் கட்டிய வீட்டை விட்டுவிட்டு, ஒரு சூட்கேஸோடு தையின் நடுக்கும் குளிரில் முகாமுக்குப் போன குடும்பத்தில், தலைவர் உங்களையும் என்னையும் போல ஒரு மாசச் சம்பளக்காரராக இருந்திருப்பார். வீடு போய்விட்டது. இ.எம்.ஐ. போகாது.

இன்னொரு வேடிக்கை. 2019 ஜூனில், தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்து கோடி கோடியாகச் சம்பாதித்த ஒரு குடும்பம் ஔலிப் புல்வெளியில் கல்யாணம் நடத்தியது. விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், மலைக்குச் சேதம் வந்தால் ஈடுகட்ட 3 கோடி ரூபாய் டெபாசிட் கட்டச் சொன்னார்கள். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண்ணோடு போய்விட்டார். டன் கணக்கில் குப்பை மட்டும் மறுவீட்டுக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டது.

இத்தனைக்கும் அதே மலைக்காரர்களுக்குக் கட்டத் தெரியாமல் இல்லை. உத்தரகாசிப் பக்கம் 'கோட்டி பனால்' என்று ஒரு பழைய முறை. தேவதாரு மரக்கட்டை ஒரு வரிசை, கல் ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி அடுக்கி எழுப்பும் வீடு. கீழ்த்தளத்தில் மாடு, அதன் உடம்புச் சூடு மேலே படுத்திருப்பவர்களுக்கு ஹீட்டர்! 1991 உத்தரகாசி பூகம்பத்தையும் தாக்குப்பிடித்து நின்றன இந்த வீடுகள். பூமி ஆடினால் மரமும் சேர்ந்து ஆடிக் கொடுக்கும். கான்கிரீட்டுக்கு அந்த நெளிவு சுளிவு கிடையாது.

அந்தப் பெரியவர்கள் கட்டுமுன் கேட்ட கேள்விகள் ரொம்ப எளிமையானவை. மண் எப்படி? வெயில் எங்கிருந்து வருது? காற்று எங்கே அடிக்குது? எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணி எங்கே போகும்?

அதே கேள்விகளுக்கு, பனிக்குப் பதிலாக வெயில் கொளுத்துகிற ஒரு சீமையில் என்ன பதில் கிடைத்தது? வாருங்கள், நேமத்தான்பட்டிக்குப் போவோம்.

மழையை உள்ளே கூப்பிடும் வீடு

என் தாத்தா நேமத்தான்பட்டியில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளை. அந்தப் பாத்தியதையில் அந்தப் பெரிய வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தைரியமாகப் போவேன். தெருவில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். முகப்பைத் தாண்டி வளவுக்குள் கால் வைத்தால்... அடேங்கப்பா! யாரோ நெற்றியில் சந்தனம் இட்ட மாதிரி இருக்கும். ஏ.ஸி. கிடையாது. கரண்டே இல்லாத காலத்தில் கட்டிய வீடு.

ரகசியம் என்ன?

முதலில் கூரை. பனி கொட்டுகிற தேசங்களில் கூரையைச் செங்குத்தாகச் சாய்ப்பது, பனி வெளியே வழுக்கி விழ. செட்டிநாட்டு வீட்டில் நாட்டு ஓட்டை அடுக்கடுக்காகப் போட்டு, நடு முற்றத்தைப் பார்த்து உள்ளே சாய்ப்பார்கள். அங்கே, 'வெளியே போ' என்று தள்ளுகிற கூரை. இங்கே, 'உள்ளே வாங்க' என்று மழைக்குப் பத்திரிகை வைக்கிற கூரை! பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டு, மற்ற மாசமெல்லாம் வானம் பார்க்க வைக்கிற சீமை இது. வருகிற விருந்தாளியை விட்டுவிட முடியுமா?

அந்த வீட்டு ஆச்சி சொல்வார்: "மழை இருட்டிக்கிட்டு வந்தா எங்க மாமியா மொதல்ல சொல்றது, 'அண்டாவை எடுத்து முத்தத்துல வைங்க'ன்னுதான் தம்பி. மொத மழையை விட்டுருவோம், ஓட்டுத் தூசி போவணும்ல? அப்புறம் புடிக்கிறதுதான் குடிக்க, உலை வைக்க. மழைத் தண்ணியில பருப்பு பஞ்சு மாதிரி வேகும்."

அண்டா நிரம்பியதும்? முற்றத்துக் கல் தளத்தில் வாட்டம் கொடுத்து, மூலையில் துவாரம் வைத்திருப்பார்கள். அங்கிருந்து கிணற்றுப் பக்கம் போகும். மிச்சம், தெருவோரக் கால்வாய் வழியாக ஊரணிக்கு. ஒரு வீட்டுக் கூரையில் விழுந்த மழை அடுத்த கோடையில் ஊர்க் கிணற்றில் ஊற்றாக வரும். இதைத்தான் தமிழ்நாடு அரசு 2003-ல் மழைநீர் சேகரிப்பு என்று எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கியது. நம்மில் பல பேர் ஒரு பி.வி.ஸி. பைப்பைச் சுவரில் ஒட்டவைத்து, அதன் மறுமுனை எங்கே போகிறது என்று கேட்காமலே காலம் தள்ளுகிறோம்.

இரண்டாவது, காற்று. பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீண்டு கிடக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில். முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். திறந்த முற்றத்திலிருந்து சூடான காற்று மேலே ஏற, அந்த இடத்தைப் பிடிக்கத் தாழ்வாரத்து நிழல் காற்று ஓடி வரும். ஃபேனுக்கு ஸ்விட்ச்சே இல்லை, அணைக்கவும் முடியாது.

மூன்றாவது, சுவரும் தரையும். அரை முழம் கனத்துக்கும் மேலான செங்கல் சுவர், அதன் மேல் சுண்ணாம்பு. கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்து அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்து மெருகேற்றினால், நூறு வருஷம் கழித்தும் முகம் பார்க்கலாம். பெயிண்ட் செலவு பூஜ்யம். இதில் ஒரு உலகக் கணக்கும் இருக்கிறது. சிமெண்ட் செய்ய சூளையை 1,450 டிகிரி வரை சூடாக்க வேண்டும்; சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். உலகம் முழுக்க வெளிவரும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டிலிருந்து மட்டும் வருகிறது. சுண்ணாம்போ, சுவரில் இறுகும்போது, சுடும்போது விட்ட வாயுவில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கடனைத் திருப்பிக் கட்டுகிற கட்டுமானப் பொருள்!

தரைக்கு ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, உள்ளூர் மணலும் சிமெண்டும் சேர்த்து அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்தால் தீர்ந்தது. சூளையே வேண்டாம். மிதிக்க மிதிக்கப் பளபளப்பு கூடும். அப்புறம் கல்யாணம்! முகப்பும் வளவும் பட்டாலையும் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்றே கட்டியவை. மண்டபம் தேடி மலையுச்சிக்குப் போகவில்லை. இலை மாட்டுக்கு, கை கழுவிய தண்ணீர் வாழைக்கு. ஹைகோர்ட் வரை போகவில்லை.

ஸ்விட்சர்லாந்து ஆச்சி

"பழம்பெருமை பேசியே காலத்தை ஓட்டுங்கள்" என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சரி, புத்தம் புதுசாக ஒன்று சொல்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் ஸெர்மாட் என்கிற பனிச்சறுக்கு ஊருக்கு மேலே, 2,883 மீட்டர் உயரத்தில், மோண்டே ரோஸா என்று ஒரு மலை விடுதி. மலை ஏறுபவர்களும் சறுக்குபவர்களும் ராத் தங்குகிற இடம். ஸூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் ஸ்விஸ் மலையேற்றச் சங்கமும் சேர்ந்து 2009-ல் கட்டியது. ரோடு கிடையாது; ஹெலிகாப்டரில் தூக்கிப்போய் வைத்த மரச் சட்டங்கள், அதற்கு மேல் அலுமினியச் சட்டை. தெற்குச் சுவரில் சூரிய மின்தகடு. தண்ணீருக்கு? வருஷத்தில் பனி உருகும் சில மாசம் மட்டும் கிடைக்கிற உருகுநீரைப் பாறைக் குடைவில் சேமித்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்து கக்கூஸுக்கு விடுகிறார்கள்.

அதாவது, முற்றத்தில் அண்டா வைக்கிற அதே வேலை! நம்ம ஆச்சி ஸூரிக்கில் பி.எச்டி. செய்திருந்தால் இதைத்தான் கட்டியிருப்பார். உருவம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஸெர்மாட் வீட்டை நேமத்தான்பட்டியில் வைத்தால் உள்ளே இருப்பவர்கள் இட்லி. நேமத்தான்பட்டி வீட்டை ஸெர்மாட்டில் வைத்தால் முற்றத்தில் ஆளுயரப் பனி. காப்பியடிக்க வேண்டியது உருவத்தை இல்லை, கேள்வியை.

நேர்மையாக மறுபக்கக் கணக்கையும் எழுதிவிட வேண்டும். செட்டிநாட்டு வீடுகள் முழுக்கப் பசுமை என்று சர்டிபிகேட் கொடுக்க முடியாது. தூணெல்லாம் பர்மாக் காட்டுத் தேக்கு, பளிங்கு இத்தாலியிலிருந்து. ஆடம்பரம் கப்பலில் வந்தது. ஆனால் வீட்டைக் குளுமையாக வைத்திருப்பது பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் இல்லை. ஓடு, சுண்ணாம்பு, முற்றம், வாட்டம்... எல்லாம் உள்ளூர் மூளை.

பிரித்து விற்கிற மூளை

அந்த மூளையைத்தான் இன்றைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அங்கிருந்த தொழில் போயிற்று. வருமானம் நின்றது, வீடு நின்றது. தலைமுறை பெருகப் பெருக, ஒரு வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோர்ட்டில். வருஷம் தவறாமல் ஓடு மாற்ற வேண்டும். விட்டால் ஒழுகும், ஒழுகினால் உத்தரம் உளுக்கும். முப்பது பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் ஒரே ஒரு பத்திரத்தில்தான். விற்பனைப் பத்திரம்.

மரமும் கல்லுமாகப் பூட்டிக் கட்டிய வீடு என்பதால் பூட்டுப் பூட்டாகக் கழற்றவும் முடிகிறது. அதுவே அதற்குச் சாபமாகிவிட்டது. கதவு ஒரு ஊருக்கு, தூண் ஒரு ஊருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பாருங்கள்... யாரோ ஒரு ஆச்சி சாய்ந்து உட்கார்ந்த தூண், யாரோ ஒரு பையன் உயரம் குறித்து வைத்த நிலைக்கதவு, விலைச்சீட்டோடு நிற்கும். நேமத்தான்பட்டியிலும் இரண்டு நாளில் ஒரு வளவைத் தரையாக்கியதை நான் பார்த்தேன். மறுநாள் மழை பெய்தது. கூப்பிட ஆளில்லாமல் தண்ணீர் தெருவில் நின்றது.

எல்லாம் போய்விடவில்லை. 2014-ல் செட்டிநாட்டு வணிகர்களின் ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்தியா சேர்த்தது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில வீடுகள் ஹோட்டலாகி, ஓடும் சுண்ணாம்பும் பழுது பார்க்கப்பட்டு உயிரோடு இருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் நாள் வாடகை கொடுத்துத் திண்ணையில் உட்காருகிறார்கள். நாம் திண்ணையை இடித்துக் கார் ஷெட் கட்டுகிறோம்.

உங்கள் அரை கிரவுண்டுக்கு...

உங்களுக்கு வளவு வீடு கட்ட வசதியில்லை. எனக்கும்தான். ஆனாலும் அரை கிரவுண்டில் முடிகிற காரியங்கள் உண்டு. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாம். உச்சி வெயில் பாதி திரும்பிப் போகும். எதிரெதிரே ஜன்னல் வைத்தால் காற்றுக்கு வழி கிடைக்கும். மேற்குச் சுவருக்கு ஒரு மரமோ தாழ்வாரமோ நிழல் கொடுக்கட்டும். வாசல் முழுக்க சிமெண்ட் பூசாமல் கொஞ்சம் மண்ணை மூச்சு விட விடுங்கள். மழைநீர்க் குழாயின் மறுமுனை நிஜமாகவே ஒரு குழியிலோ கிணற்றிலோ முடியட்டும்.

முக்கியமாக, என்ஜினீயர் பிளானை விரித்ததும், "எலிவேஷன் எப்படி சார் வரும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் கேள்வியாக, "தண்ணி எங்கே போகும், சார்?" என்று கேளுங்கள்.

"அதெல்லாம் போயிடும் சார்" என்று அவர் சொன்னால், பிளானைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, காபியும் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஜோஷிமட்டில் ஹோட்டல் கட்டிய என்ஜினீயரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.